கலாவியா கோட்டையின் மாசற்ற தலைக்கவசங்கள்

ரோமாபுரி உலகத்தை வென்றது ஆட்டுக் கொழுப்பு தோய்த்த ஒரு முழக் கந்தல் துணியால். வாளால் வென்றது, வேலால் வென்றது என்று பேசுகிறவர்கள் ஒருநாளும் ஓர் ஆயுதக் கிடங்குக்குள் காலை வைத்தவர்கள் அல்ல. துடைக்காத வாள் துருப்பிடிக்கும். துருப்பிடித்த வாள் சோதனைக்கு ஆகாது. சோதனைக்கு ஆகாத வாளை வைத்துக்கொண்டு எதிரியைக் கொல்வது மரியாதையா? எதிரிக்கே அது அவமானம்.

இந்த மகத்தான உண்மையை பிரித்தானியாவின் வட எல்லையில், கலாவியா கோட்டையில், ஒருவன் உயிரைக் கொடுத்துக் காப்பாற்றிவந்தான். ஆயுதக் கிடங்குக் காப்பாளன் தகோமாஸ். ரைன் நதிக்கரையில் பிறந்து, பதினெட்டு வயதில் துணைப்படையில் சேர்ந்து, இருபத்தைந்து வருஷச் சேவையில் பத்தொன்பது வருஷம் அந்தக் கந்தலைக் கையில் பிடித்தவன். நாற்பது தலைக்கவசம், நாற்பது இரும்பு வளையச் சட்டை, நாற்பது கேடயம், நாற்பது ஜோடி ஆணிச் செருப்பு. ஒவ்வொன்றிலும் உரியவனின் பெயரை ஊசிமுனைப் புள்ளிகளால் குத்தி வைத்திருந்தான். ஆள் செத்தாலும் பெயர் இரும்பில் இருக்கும். இரும்பு முக்கியம் இல்லையா?

எட்டு மாதத்துக்கு முன்னால் இத்தாலியிலிருந்து புதுத் தளபதி வந்தார். பெயர் ப்ரோகுலுஸ். வயது இருபத்தாறு, போரைப் பற்றிப் படித்ததோ ஏராளம். வந்த மூன்றாம் நாளே ஒரு கண்டுபிடிப்பை நிகழ்த்தினார்: மழையில் நனைந்தால் இரும்பு துருப்பிடிக்கிறது. அன்று மாலையே 'மழைக்காப்பு ஆணை' பிறந்தது. வானத்திலிருந்து முதல் துளி விழுந்ததும் கவசங்களும் ஆயுதங்களும் கிடங்குக்குள் போய்விட வேண்டும். வானம் முழுதாக வெளுத்த பிறகே வெளியே வரலாம். அதுவரை வீரர்கள் முக்காட்டுக் கம்பளி போர்த்தி, கம்பளிக் காலுறை மாட்டி, பயிற்சிக்கான மரவாளையும் பிரம்புக் கேடயத்தையும் ஏந்தி எல்லையைக் காக்கலாம்.

இத்தாலியில் இது நல்ல ஆணை. கலாவியாவிலோ அந்த எட்டு மாதத்தில் வானம் வெளுத்தது நான்கு நாள். அதில் இரண்டு நாள் திருவிழா விடுமுறை.

விளைவு அபாரமாக இருந்தது. கவசத்தில் ஒரு கீறல் இல்லை. கோட்டைக்கு வெளியே மேய்ந்த மாடுகளில் முப்பதைக் காணோம். எல்லைக்கு அப்பாலிருந்த மலைக்காரர்கள் மழை நாளாகப் பார்த்து வந்தார்கள், மரவாளைப் பார்த்துச் சிரித்தார்கள், மாட்டை ஓட்டிக்கொண்டு போனார்கள். "மாட்டுக்குத் துருப்பிடிக்காது" என்றார் தளபதி. அதை மறுக்க முடியுமா?

தகோமாஸுக்கு இந்த ஆணையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவனுக்குச் சேவை முடிய ஒரே ஒரு சோதனைதான் பாக்கி. அதில் உடைமைகள் குறையின்றி இருந்தால் வெண்கலப் பட்டயம் கிடைக்கும். ரோமக் குடியுரிமை. அவனுக்கு மட்டுமா? கோட்டை மதிலுக்கு வெளியே குடிசை போட்டு அவனோடு பதினாறு வருஷம் குடித்தனம் நடத்தும் செனுவாவின் பெயரும், மகன் வெலோவின் பெயரும், மகள் ப்ரிகாவின் பெயரும் அதில் பொறிக்கப்பட்டிருக்கும். வீரனுக்குக் கல்யாணம் கூடாது என்பது சட்டம். ஆகவே சட்டப்படி செனுவா யாரோ, பிள்ளைகள் யாருடையவையோ. அந்தப் பட்டயம் வந்தால்தான் அவன் தன் பிள்ளைகளுக்குத் தகப்பன்.

"அந்தத் தகடு வந்ததும் கூரையைப் போடணும், தெரியுதா?" என்பாள் செனுவா. "பதினாறு வருஷமா ஒழுகுது. உன் இரும்புத் தொப்பி நனையக் கூடாது, நானும் புள்ளைங்களும் நனையலாமா?"

"கொஞ்சம் பொறு, செனுவா. தகடு வந்துட்டா நான் தினம் வீட்லதான்."

"அதை நினைச்சாத்தான் பயமா இருக்கு" என்று சொல்லிவிட்டு அவள் சிரிப்பாள்.

சோதனை அதிகாரி சில்வானுஸ் மறுநாள் வருவதாகச் செய்தி. அவர் வரும் பாதை சேறாய்க் கிடக்கிறதென்று முப்பத்தொன்பது வீரர்களையும் மண்வெட்டியோடு மூன்று மைல் தூரத்துக்கு அனுப்பிவிட்டார் தளபதி. மழை தூறிக்கொண்டிருந்ததால் கம்பளியும் காலுறையுமாகப் போனார்கள். கோட்டையில் மிஞ்சியது தளபதியும் தகோமாஸும் நாற்பது தொகுதி இரும்பும்.

அன்று காலையில்தான் மலைக்காரர்கள் கொழுப்பு விற்க வந்தார்கள். சோதனைக்காக நாற்பது பானை ஆட்டுக் கொழுப்பு சொல்லியிருந்தான் தகோமாஸ். ஆளுக்கொரு பானையாக நாற்பது பேர். அவர்கள் தலைவன் கார்வெக், இடுப்பளவு தாடி, வாயெல்லாம் பல். மழை நாளில் மாட்டை ஓட்டிப்போகிறவர்களும் இவர்கள்தான் என்று ஊருக்கே தெரியும். ஆனால் வியாபாரம் வேறு, பகை வேறு.

"என்ன அண்ணே, இரும்பெல்லாம் நல்லா இருக்கா?" என்றான் கார்வெக்.

"இருக்கு, இருக்கு. எங்க மாடெல்லாம் நல்லா இருக்கா?" என்றான் தகோமாஸ்.

"சும்மா சொல்லக் கூடாது, நல்லாவே மேயுதுங்க. கன்னு கூடப் போட்டிருக்கு."

தகோமாஸ் முழங்கை வரை கொழுப்பை அப்பிக்கொண்டு கடைசிக் கேடயத்தைத் துடைத்துக்கொண்டிருந்தபோது வாசலில் குதிரைக் குளம்புச் சத்தம் கேட்டது. தளபதி ஓடிவந்தார். முகத்தில் ஈயாடவில்லை.

"வந்துட்டாருய்யா! ஒரு நாள் முன்னாடியே வந்துட்டாரு! மேற்குப் பாதையில வந்திருக்காரு!"

"நம்ம ஆளுங்க கிழக்குப் பாதையில இருக்காங்களே, ஐயா!"

"அதான் தெரியுமே! குதிரையை விட்டு இறங்கிக் கால் கழுவுறாரு. அதுக்குள்ள நாற்பது பேர் வரிசையில நிக்கணும்."

"நாற்பது பேருக்கு எங்கே ஐயா போறது?"

ப்ரோகுலுஸ் கிடங்கைப் பார்த்தார். முற்றத்தில் பானையை இறக்கிவைத்துவிட்டு மூக்கை நோண்டிக்கொண்டிருந்த நாற்பது பேரைப் பார்த்தார். பெரிய தளபதிகளுக்கு வாழ்க்கையில் ஒருமுறை மின்னலாய் ஒரு யோசனை பளிச்சிடும் என்பார்கள். அவருக்கு அது பளிச்சிட்டது.

"கவசம் இருக்கில்ல?"

"இருக்கு, ஐயா."

"பிறகென்ன? ஆளுங்கிறது சின்ன விஷயம். மாட்டு!"

கூரை போட்ட பயிற்சிக் கூடத்தில் அலங்காரம் தொடங்கியது. வளையச் சட்டையைக் காலில் நுழைத்தான் ஒருவன். இடைவாரைக் கழுத்தில் சுற்றினான் ஒருவன். ஆணிச் செருப்பை மாட்டிய ஒருவன் கல்தளத்தில் சர்ரென்று சறுக்கி எதிர்ச்சுவரில் போய்த்தான் நின்றான்; அது பிடித்துப்போய் மறுபடியும் சறுக்கினான். தகோமாஸ் வார்களை இழுத்துக் கட்டினான், வாளை இடமிருந்து வலத்துக்கு மாற்றினான், கன்னத் தகடுகளுக்குள் தாடிகளைத் திணித்தான்.

முப்பத்தொன்பது பேர் தயார். கார்வெக் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"என் ஆளுங்க போட்டா நானும் போடணும். இருக்கிறதுலயே பளபளன்னு இருக்கே, அதான் வேணும். இல்லேன்னா எல்லாரையும் கழட்டச் சொல்லிடுவேன்."

அவன் கைகாட்டிய தலைக்கவசம் தகோமாஸுடையது.

"ஐயா, அது என்னுது" என்றான் தகோமாஸ். "நாற்பதாவது ஆள் நான்தான். நானே போட்டுக்கிறேனே."

"உன் கையைப் பாரு! முழங்கை வரைக்கும் கொழுப்பு. உன்னை வரிசையில நிறுத்தினா என் மானம் என்ன ஆறது? குடு அவன்கிட்ட. அரைமணி நேரம்தானே?"

தகோமாஸ் தன் கையாலேயே தன் வளையச் சட்டையைக் கார்வெக்குக்கு மாட்டினான். தன் தலைக்கவசத்தை அவன் தலையில் வைத்து, தாடிக்குக் கீழே முடிச்சுப் போட்டான். பிடரித் தகட்டில் 'தகோமாஸ்' என்று பத்தொன்பது வருஷமாய்த் துடைத்த புள்ளிகள் மின்னின.

சில்வானுஸ் உள்ளே வந்தார். இந்தப் பேரரசில் நூற்றுப்பதினேழு கோட்டைகளைச் சோதித்தவர்; ஒரு வீரனின் முகத்தைக்கூட நினைவில் வைத்துக்கொள்ளாத பெருந்தன்மை உடையவர். கூட வந்த நான்கு காவலர்களில் இருவரைக் கோட்டை வாசலில் நிறுத்திவிட்டார்.

முதல் ஆளின் கேடயக் குமிழில் தம் முகத்தைப் பார்த்துத் தலைமயிரைச் சரிசெய்துகொண்டார். "அடடா, நரைகூடத் தெரியுதே. வீரன்னா இப்படித்தான் இருக்கணும். ஏம்ப்பா, எத்தனை வருஷ சேவை?"

"சேவையா? முப்பது வருஷமா ஆடுதான்" என்றான் அந்த மலைக்காரன்.

"எதிரியை ஆடு மாதிரி விரட்டுறதாச் சொல்றான், ஐயா" என்றார் ப்ரோகுலுஸ்.

"பலே! இவன் மேல கொஞ்சம் ஆட்டு வாடை கூட அடிக்குதே."

"கொழுப்பு, ஐயா. இரும்பு மேல தடவுறது. எங்க ஆளுங்க அதிலேயே ஊறிக் கிடப்பாங்க."

"தாடி?"

"குளிர் தேசம், ஐயா."

சில்வானுஸ் வரிசையின் கடைசிவரை நடந்தார். ஒரு கீறலா, ஒரு துருப்புள்ளியா, ஒரு ஆணி குறைகிறதா? இல்லவே இல்லை. அவர் கண்ணில் நீர் துளிர்த்தது. "ப்ரோகுலுஸ், எல்லைக் கோட்டைகள்ல எங்கே போனாலும் வளைஞ்ச வாளும் ஓட்டை விழுந்த கேடயமுமா இருக்கு. கேட்டா சண்டை போட்டோம்கிறானுங்க. பொறுப்பில்லாத பசங்க. நீங்கதாய்யா படைக்கலத்தை மதிக்கிறவர்."

தகோமாஸ் மூலையில், பழைய சட்டையும் காலுறையுமாய், கொழுப்புப் பானைகளுக்கு நடுவே நின்றிருந்தான். அப்போது சில்வானுஸ் ஒரு துணி மூட்டையைப் பிரித்தார். உள்ளே இரட்டை வெண்கலத் தகடு.

"தகோமாஸ் யாரு? முன்னால வா."

தகோமாஸின் கால் தானாக முன்னே நகர்ந்தது. தளபதி பல்லைக் கடித்துக்கொண்டு "ஒரு வார்த்தை பேசினே..." என்று முணுமுணுத்தார். அதே நேரம் கார்வெக்கின் இடுப்பில் ஒரு குத்து விட்டார். கார்வெக் தடுமாறி முன்னால் வந்தான்.

சில்வானுஸ் அவனைத் திருப்பி நிறுத்திப் பிடரித் தகட்டை வாசித்தார். தகட்டையும் பட்டயத்தையும் எழுத்து எழுத்தாய் ஒப்பிட்டார். முறைப்படி செய்கிறவர் அல்லவா? பிறகு உரக்கப் படித்தார்: "இருபத்தைந்து வருஷம் மாசற்ற சேவை புரிந்த தகோமாஸுக்கும், அவன் மனைவி செனுவாவுக்கும், மகன் வெலோவுக்கும், மகள் ப்ரிகாவுக்கும் ரோமக் குடியுரிமை அளிக்கப்படுகிறது!"

பட்டயம் கார்வெக்கின் கைக்குப் போயிற்று. அவன் அதைக் கடித்துப் பார்த்தான்.

தகோமாஸுக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. "ஐயா, அது நான்! தகோமாஸ் நான்தான், ஐயா! அவன் கொழுப்பு விக்கிறவன்!"

சில்வானுஸ் சிரித்தார். இரண்டு பேரையும் ஏற இறங்கப் பார்த்தார். ஒருவன் தலை முதல் கால் வரை ரோமாபுரி. மற்றவன் முழங்கை வரை கொழுப்பு. "கொழுப்பு விக்கிறவன் யாருன்னு எனக்குத் தெரியாதா? கையைப் பாரு உன் கையை!"

"பேரு... பேரு பொறிச்ச சாமான் இருக்கு, ஐயா! காட்டறேன்!"

சரியாக அந்த நேரம் செனுவா கூடத்துக்குள் வந்தாள். பட்டயம் வந்துவிட்டது என்று வாசலில் காதில் விழுந்ததும், அவன் சாப்பிட வைத்திருந்த கோதுமைக் கஞ்சியை அப்படியே வாணலியோடு தூக்கிக்கொண்டு ஓடிவந்திருந்தாள். படையில் கொடுத்த வெண்கல வாணலி. கைப்பிடியில் அவன் பெயர் பொறித்திருந்தது. தகோமாஸ் அதைப் பிடுங்கி அதிகாரியின் மூக்கு நுனியில் நீட்டினான்.

சில்வானுஸ் வாசித்தார். அவர் முகம் கறுத்தது. "தகோமாஸோட வாணலி. ஒரு ரோமக் குடிமகனோட வாணலியை, குடிமகனான அன்னிக்கே திருடியிருக்கே! ப்ரோகுலுஸ், என்ன காவல்யா இது?" வாணலியைப் பறித்து மரியாதையோடு கார்வெக்கிடம் ஒப்படைத்தார். கார்வெக் விரலால் கஞ்சியை வழித்து நக்கிப் பார்த்தான்.

"உப்புப் போதல" என்றான்.

செனுவா கார்வெக்கின் கையிலிருந்த பட்டயத்தைப் பார்த்தாள். கண் கலங்கி நிற்கும் தன் புருஷனைப் பார்த்தாள். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் விஷயம் விளங்க எழுத்து எதற்கு?

"இந்தத் தகட்டுல தகோமாஸ் பெண்டாட்டி செனுவான்னு போட்டிருக்கா, ஐயா?" என்று அதிகாரியைக் கேட்டாள்.

"போட்டிருக்கு."

"அந்தத் தகோமாஸ் இவர்தானா?"

"சந்தேகம் என்ன? இரும்புலேயே எழுதியிருக்கு."

"அப்போ சரி." அவள் நேராகப் போய், கன்னத் தகட்டுக்குள் விரலை விட்டு, கார்வெக்கின் காதைப் பிடித்துத் திருகினாள். "வாங்க வீட்டுக்கு! பதினாறு வருஷமாக் கூரை ஒழுகுது, இன்னிக்கே போடணும். விறகு பிளக்கணும், பன்னிக்குக் கொட்டில் கட்டணும். எங்கம்மா வேற நிரந்தரமா நம்ம வீட்லயே தங்கறேன்னு சொல்லியிருக்காங்க. இனிமே ரோமச் சட்டப்படி நீங்க என் புருஷன், சாகற வரைக்கும் தப்பிக்க முடியாது!"

"ஐயோ, விடும்மா! மலையில எனக்கு ஏற்கனவே ரெண்டு பேர் இருக்காளுங்க!"

"ரெண்டு பேரா? நான் மூணாவதா? ஐயா, இதுக்குச் சட்டத்துல என்ன தண்டனைங்க?"

குடும்பச் சண்டையில் தலையிடுவது ராணுவ மரபல்ல. சில்வானுஸ் நாகரிகமாக முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டு, பக்கத்து ஆளின் செருப்பு ஆணிகளை எண்ணத் தொடங்கினார். அவர் எண்ணி முடிப்பதற்குள் கார்வெக் தலைக்கவசத்தைக் கழற்றித் தகோமாஸின் தலையில் கவிழ்த்து, பட்டயத்தை அவன் கையில் திணித்துவிட்டான். "எனக்கு வேணாம், அண்ணே. உன் பேரு ரொம்ப வலிக்குது." வாணலி செனுவாவின் கைக்குத் திரும்பியது.

சில்வானுஸ் நிமிர்ந்து பார்த்தார். "என்ன தகோமாஸ், வீட்ல சமாதானம் ஆயிடுச்சா?" என்று தகோமாஸின் தோளைத் தட்டினார். தகோமாஸ் விறைப்பாக நின்று வணக்கம் வைத்தான். பட்டயத்தை நெஞ்சோடு அணைத்திருந்தான். உள்ளே அழுகையும் சிரிப்பும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. என் பிள்ளைகளுக்கு நான் தகப்பன் என்று மனசுக்குள் நூறு தடவை சொல்லிக்கொண்டான்.

அப்போதுதான் சேறு அள்ளப் போன முப்பத்தொன்பது பேரும் திரும்பி வந்தார்கள். முக்காட்டுக் கம்பளி, காலில் காலுறை, கையில் மண்வெட்டி, இடுப்பில் மரவாள், தலை முதல் பாதம் வரை சேறு. ஜன்னல் வழியே சில்வானுஸ் பார்த்தார்.

"காட்டுமிராண்டிகள்! கோட்டையைத் தாக்க வராங்க! வீரர்களே, பாயுங்கள்!"

மலைக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கார்வெக்குக்கு முகம் மலர்ந்தது. "டேய், ஐயா போகச் சொல்லிட்டாருடா!" என்றான். நாற்பது பேரும் சறுக்கிக்கொண்டும் கூவிக்கொண்டும் வாசல் வழியே பாய்ந்தார்கள். எதிரே வந்த சேற்று மனிதர்கள் பளபளக்கும் தலைக்கவசங்களைக் கண்டதும், யார் எவர் என்று பார்க்காமல், ஒதுங்கி நின்று வணக்கம் வைத்து வழிவிட்டார்கள். கார்வெக் கூட்டம் பாலத்தைத் தாண்டி, மேய்ச்சல் நிலத்தைத் தாண்டி, மிச்சமிருந்த மாடுகளையும் போகிற போக்கில் ஓட்டிக்கொண்டு மலையில் ஏறி மறைந்தது.

"என்ன வேகம்! எதிரி பணிஞ்ச பிறகும் நிக்காம ஓடுறாங்களே!" என்று மெய்சிலிர்த்தார் சில்வானுஸ்.

ப்ரோகுலுஸ் மதில்மேல் நின்று தலையில் அடித்துக்கொண்டார். "மழைடா! மழை பெய்யுதுடா! நனையாம போங்கடா!"

சில்வானுஸின் அறிக்கை தலைநகருக்குப் போயிற்று. 'கலாவியாவின் படைக்கலம் ஒப்பற்றது. ஆனால் சேறு பூசிய முப்பத்தொன்பது அன்னியர் கோட்டைக்குள் குடியிருப்பதாகத் தெரிகிறது. அவர்களை வெளியேற்றுவது நலம்.' ப்ரோகுலுஸுக்குப் பதவி உயர்வு வந்தது. இப்போது அவர் பத்துக் கோட்டைகளின் இரும்பைக் காக்கிறார். கார்வெக்கின் ஆட்கள் அந்தக் கவசத்தை மழையிலேயே போட்டுக்கொண்டு அலைகிறார்களாம். வெட்டு விழுந்தால் தாங்குகிறதாம். இரும்புக்கு அப்படியும் ஒரு பயன் உண்டென்று கலாவியாவில் முதல்முறையாக எல்லோரும் அறிந்துகொண்டார்கள்.

ஆனால் அதெல்லாம் பிறகு. அன்று மாலை தகோமாஸ் கடைசி முறையாகக் கிடங்குக்குள் போனான். விடைபெறுகிறவன் தன் உடைமையை ஒப்படைக்க வேண்டும். அவனிடம் இருந்தது ஒரே ஒரு தலைக்கவசம். அதைத் துடைத்து, காலியான நாற்பது ஆணிகளில் தன் ஆணியில் மாட்டினான். பட்டயத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு, செனுவாவோடு வெறுந்தலையாய்க் கோட்டை வாசலுக்கு வந்தான். மழை வலுத்திருந்தது.

சில்வானுஸின் காவலன் ஈட்டியைக் குறுக்கே நீட்டினான். "யாருய்யா நீ?"

"தகோமாஸ். ரோமக் குடிமகன். இதோ பட்டயம்."

காவலன் பட்டயத்தைப் படித்தான். அவனுடைய வெறுந்தலையைப் பார்த்தான். காலுறையைப் பார்த்தான். "இது ஒரு வீரனோட பட்டயமாச்சே. எங்கேடா திருடினே?"

இருபத்தைந்து வருஷம் தகோமாஸ் உள்ளேயும் வெளியேயும் போய்வந்த வாசல் அது.

செனுவா ஒரு பெருமூச்சு விட்டாள். கையிலிருந்த வாணலியைத் தூக்கி, கஞ்சியோடு அப்படியே தகோமாஸின் தலையில் கவிழ்த்தாள். கைப்பிடி பிடரிப் பக்கம் நீட்டிக்கொண்டு நின்றது. காவலன் எட்டிப் பார்த்துப் பெயரை வாசித்தான்.

சட்டென்று ஈட்டியை நிமிர்த்தினான். குதிகால் இரண்டும் மோத விறைத்து நின்று, வலக்கையை உயர்த்தி, கஞ்சி வடியும் அந்த முகத்தை ஒரு தடவைகூடப் பார்க்காமல், வாணலிக்கு வணக்கம் வைத்தான்.